ஒரு வார்த்தையில் போக இருந்த அப்பாவின் லைசென்ஸ்

லைசென்ஸ் போய்விட்டால் எங்கள் அப்பாவுக்கு வேறு என்ன தெரியும்? எண்பத்தாறாம் வருஷக் கோடை முழுக்க இந்த ஒரு கேள்விதான் எங்கள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. அதை எங்கள் ஆண்டவர் எப்படி எழுப்பி வெளியே அனுப்பினார் என்று சொல்லத்தான் இதை டைப் அடிக்கிறேன். நான் வேகமாக அடிக்கிறவன். இந்த மெஷினில் ‘ழ’ மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. எங்கேயாவது எழுத்து விட்டுப்போயிருந்தால் சபையார் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில் கை நிற்க மாட்டேன் என்கிறது.

என் பெயர் சாமுவேல். ஊர் விழுப்புரம். பி.காம். முடித்துவிட்டு, ஊரில் உள்ள ஆபீசுக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டே, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா பெயர் தேவராஜ். லாரி டிரைவர். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு எண்ணெய் மில்லில் இறக்குவார். லாரிக்கு முன்னால் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. லாரியை ‘அது’ என்று சொல்லவே மாட்டார். ‘அவனுக்கு இன்னிக்கி மூச்சு எளைக்குது’ என்பார், ‘அவன் மேடு ஏற மாட்டேன்னு அடம் புடிக்கறான்’ என்பார். காலேஜ் போகிற காலத்தில் எனக்கு இது கேலியாக இருந்தது. இருக்கட்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

மே மாதம் ஒரு நாள். நல்ல வெயில். விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு சைக்கிள்காரரை ஏதோ ஒரு லாரி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மூட்டை ஏற்றிய லாரி, விழுப்புரம் பக்கம் போனது. பார்த்தவர்கள் சொன்னது அவ்வளவுதான். நம்பரை யாரும் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து விழுப்புரத்துக்குள் மூட்டையோடு வந்தவர் எங்கள் அப்பா. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். கேட்டார்கள். சொன்னார். எழுதினார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எழுதினவர் டீகூட வாங்கிக் கொடுத்தாராம். அதனால் விஷயம் முடிந்தது என்று அப்பா வீட்டுக்கு வந்து கேப்பைக் கூழ் குடித்துவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஜூன் மாதம் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. நான்தான் படித்தேன். விபத்து நடந்த இடத்தில் நிற்காமல் ஏமாற்றித் தப்பி வந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டிருப்பதால், லைசென்ஸை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். அதுதான் சாரம். அப்பா என் கையிலிருந்து அதைப் பிடுங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“நான் எப்படா ஏமாத்தினேன்னு சொன்னேன்?”

“ஒத்துக்கினேன்னு எழுதி கீதுப்பா. கையெழுத்து உன்னோடதுதான?”

“என்னோடதுதான்.”

“படிச்சுப் பாத்தியா?”

“அந்த மனுசன் டீ வாங்கிக் குடுத்தாருடா. அவரு எதுரயே உக்காந்து, எழுதினது சரியான்னு படிச்சுப் பாத்தா அவரு இன்னா நெனப்பாரு?”

இதுதான் எங்கள் அப்பா. மரியாதைக்காகக் கையெழுத்துப் போட்டவர்.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. மில் ஓனர் வந்து, “லைசென்ஸு போச்சுன்னா நான் வேற ஆளத்தான் போட்டாவணும் தேவராஜு, மனசுல வெச்சுக்காத” என்று நல்லபடியாகத்தான் சொன்னார். நல்லபடியாகச் சொன்னதுதான் அதிகம் வலித்தது. டீக்கடையில், “இடிச்சுட்டு ஓடியாந்த ஆளு” என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஆராதனைக்கு வந்தால் கடைசி வரிசையில், செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆளை ரோட்டில் போட்டுவிட்டு வந்தவன் என்ற பெயர் அவருக்கு லைசென்ஸ் போவதைவிடப் பெரிய அடி. ரோட்டில் நாய் அடிபட்டுக் கிடந்தால்கூட வண்டியை ஓரங்கட்டி இறங்கி, அதை மர நிழலில் தூக்கிப் போடுகிற மனுஷர்.

விழுப்புரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் நோட்டீஸை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார்.

“கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே இன்னா இருக்குது? பண்ணது தப்புதான், மன்னிச்சுடுங்கன்னு போயி நில்லுங்க. கொஞ்ச மாசத்தோட உட்டுடுவாங்க.”

அப்பா எழுந்துவிட்டார். “பண்ணாததுக்கு மன்னிப்பு கேட்டா, அந்த சைக்கிள்காரரு வூட்டு மொகத்துல நான் எப்படி முழிக்கறது சார்?”

அம்மா வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாள். நான் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நீட்டி முழக்கவில்லை. ஒரே ஜெபம்தான். “ஆண்டவரே, எந்த வார்த்தையால என் வூட்டுக்காரு மாட்டினாரோ, அந்த வார்த்தைய எங்களுக்கு எடுத்துக் காட்டு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “யம்மா, ஆர்.டி.ஓ. ஆபீசுல வார்த்தையெல்லாம் வேலைக்கு ஆவாது. வக்கீலு வேணும்.”

“சரிடா. வக்கீலுக்கும் சேத்துக் கேட்டுக்கறேன், நீ சட்டைய தீய்ச்சுடாத.”

எனக்கு அப்போது வாய் விட்டு ஜெபிக்க வராது. கண்ணை மூடினால் தூக்கம் வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிக்க வரும். மறுநாள் இன்ஸ்டிட்யூட்டில் யாரும் இல்லாதபோது பழைய தாள் ஒன்றைச் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு, ‘கர்த்தாவே எங்கள் அப்பாவை விட்டுவிடாதேயும்’ என்று தாள் முடிகிற வரைக்கும் அடித்தேன். அடித்து முடித்துப் பார்த்தால் ஒரு பிழை இல்லை. அதுதான் என் வாழ்க்கையில் முதல் ஜெபம். சிரிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நம் சபையின் மெக்கானிக் டேனியல் அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

“திண்டிவனத்துல ஒரு வக்கீலு கீறாரு. தரணேந்திர நயினாருன்னு பேரு. டிரைவருங்க கேசுன்னா பொறுமையா உக்கார வெச்சுக் கேப்பாரு. ஆனா பொழுது சாயறதுக்குள்ள போயிடணும்.”

“ஏன், மாலைக்கண்ணாண்ணா?”

“கொழுப்புடா உனக்கு. அவங்க ஜைனருங்க. பொழுதோட சாப்புட்டு முடிச்சுடுவாங்க, இருட்டுல கை நனைக்க மாட்டாங்க. அதனால ஆபீச பூட்டிக்கினு ஜல்தியா ஊருக்குக் கெளம்பிடுவாரு.”

திங்கட்கிழமை மத்தியானம் அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். தாராளமாக நேரம் இருந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று இல்லை. அப்பா பஸ் டிரைவரோடு சேர்ந்து சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் ரோட்டோரம் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்து மனசுக்குள் சண்டை போட்டேன். ஒரு தாள் முழுக்க அடித்துக் கொடுத்தேனே, இதுதான் பதிலா என்று கேட்டேன். இந்தப் பஞ்சரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வக்கீல் ஆபீசைப் பூட்டிவிட்டு சைக்கிளில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கோட்டு மடித்து கேரியரில் இருந்தது. நான் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

“சார், அடுத்த வாரம் ஹியரிங். அஞ்சே நிமிஷம்.”

“தம்பி, உன் அஞ்சு நிமிஷத்துக்கு நான் நின்னா, எனக்கு நாளைக்குக் காலைலதான் சோறு. கைய எடு. காலைல ஊட்டுக்கு வந்துடுங்க, செஞ்சி ரோட்டுலதான். பொறுமையா பேசலாம்.” அப்பாவைப் பார்த்து, “டிரைவரே, வயித்துக்கு எதனா போட்டீங்களா? போடுங்க மொதல்ல” என்றார். பெல் அடித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

தெரிந்த லாரி ஷெட் ஒன்றில் தங்கிவிட்டு, விடிந்ததும் அவர் கிராமத்துக்குப் போனோம். வக்கீல் பனியனோடு வாசலில் நின்று, வெள்ளைத் துணியை வாய்க்குக் கட்டிய தவலையில் குடிதண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொழுவம். அதில் ஒரு ஜோடி வெள்ளை மாடு. அப்பாவுக்கு மாட்டைப் பார்த்ததும் கேஸே மறந்துவிட்டது. போய்த் திமிலைத் தடவ ஆரம்பித்துவிட்டார். நான் நோட்டீஸை நீட்டினேன். வக்கீல் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். அவர் நெற்றியும் சுருங்கியது.

“இது கஷ்டம்தான் தம்பி. இவரே ஒத்துக்கினதா இருக்குது.”

“அப்படிச் சொல்லவே இல்லன்றாரு சார்.”

“எல்லாரும் அதத்தான் சொல்வாங்க. வேற எதனா இருந்தா சொல்லு.”

வேறு ஒன்றும் இல்லை. அப்போதுதான் உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது.

“இன்னாங்க, கோர்ட்டுக்குப் போயிட்டா மாட்டுக்குத் தண்ணி காட்டற வேல இல்லன்னு ஆயிடுமா? அதுங்களுக்கு மட்டும் வாய் இருந்துச்சுன்னா உங்க மேலயே கேசு போட்டுடும்.”

“கட்சிக்காரங்க வந்து கீறாங்க, இரு.”

தொழுவத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார். “நீங்க பேசுங்கய்யா. நான் காட்டறேன். நமக்குப் பழக்கந்தான். அன்னிக்கும் ஏரியாண்ட தண்ணி காட்டிட்டுதான் வந்தேன், அதுக்குள்ளதான் இவ்ளோ பேஜாரு ஆயிப்போச்சு.”

வக்கீல் நோட்டீஸை மடித்தவர் மறுபடி பிரித்தார்.

“எதுக்குத் தண்ணி காட்டினீங்க?”

“வண்டிக்குங்க.”

“மாடு ஏது அங்க?”

“மாடு இல்லய்யா, லாரி. அவன் கொதிச்சுப் பூட்டான். பானெட்டத் தொறந்து, ஏரியில மொண்டாந்து ரேடியேட்டருல ஊத்தி, ஆற வெச்சுக் கெளம்பினேன்.”

“இருங்க, இருங்க. ஸ்டேஷன்ல உங்கள இன்னா கேட்டாங்க? நீங்க இன்னா சொன்னீங்க? ஒரு வார்த்த மாத்தாம சொல்லுங்க.”

“விக்கிரவாண்டில வண்டி நிக்கலயான்னு கேட்டாரு. ‘ஏரியாண்ட தண்ணி காட்டிட்டு வந்தேங்க’ன்னு சொன்னேன்.”

வக்கீல் சட்டென்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதும் தண்ணி காட்டுவதுதான். ஒருத்தனை ஏய்த்துவிட்டு நழுவுவதும் தண்ணி காட்டுவதுதான். எங்கள் வீட்டில் லாரிக்கு எப்போதும் தண்ணி காட்டுவதுதான் வழக்கம். கேட்டுக் கேட்டு எனக்கு அது ஒரு சொல்லாகவே காதில் விழாது. ஆனால் எழுதினவர் என்ன கண்டார்? இடித்துவிட்டு நிற்காத லாரியைத் தேடிக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்து, தண்ணி காட்டிவிட்டு வந்தேன் என்கிறார். அதுவும் ரொம்ப மரியாதையாக. பாவம், ஒப்புக்கொண்ட நல்ல மனுஷன் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வக்கீல் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அடங்காமல் தவலைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்து, “இன்னா ஆச்சு இவருக்கு?” என்று என்னைக் கேட்டார்கள்.

“உன்னாலதாண்டி ஆச்சு. நீ திட்டலன்னா இந்தக் கேசு இல்ல.”

சபையாரே, இப்போது அந்தப் பஞ்சரை எடுத்து முன்னால் வையுங்கள். பஸ் நேரத்துக்குப் போயிருந்தால் ஆபீசில் பார்த்திருப்போம். ஆபீசில் மேஜை இருக்கும், ஃபேன் இருக்கும். மாடு இருக்காது. வக்கீல் மனைவியின் குரல் இருக்காது. அப்பா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே மாட்டார். வார்த்தையைக் காட்டு என்று அம்மா கேட்டாள், வக்கீலையும் சேர்த்துக் கேட்டாள். கர்த்தர் இரண்டையும் ஒரே தொழுவத்தில் கட்டிவைத்திருந்தார். நான் ரோட்டோரம் நின்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் வக்கீல் அதற்குள் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“தம்பி, ரொம்ப ஆடாத. அதிகாரி இன்னா கேப்பாரு தெரியுமா? வார்த்தைக்கு நீ சொல்றதும் ஒரு அர்த்தம், எழுதினதும் ஒரு அர்த்தம், உன் அப்பா வாய தவுத்து வேற இன்னா இருக்குதுன்னு கேப்பாரு. பானெட்டு தொறந்து நின்னத பாத்தவங்க யாருனா வேணும்.”

“நான் போயி அந்த சைக்கிள்காரரப் பாத்துக் கேக்கறேன் சார். அதே ரோட்டுல போனவருதான, பாத்திருப்பாரு.”

“காலு ஒடிஞ்சிடும். நீ போயி கெஞ்சினாலும் தப்பு, மெரட்டினாலும் தப்பு, சும்மா நின்னாக்கூட தப்பு. அவர நேருல வரச்சொல்லி விசாரிக்கணும்னு நானே ஆபீசுக்கு மனு போடறேன். வந்து அவரு வாயில இன்னா வருதோ அது.”

“அவரு எங்கப்பாவப் பாத்து, இவருதான்னு கைய நீட்டிட்டா?”

“நீட்டிட்டா லைசென்ஸு போச்சு. உங்கப்பா சொல்றது நெசமா இல்லையா, அத நீ முடிவு பண்ணு. நெசம்னா நான் மனு போடறேன்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மாடு குடித்து முடிக்கும் வரை வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“போடுங்கய்யா” என்றார்.

அடுத்த வியாழக்கிழமைதான் ஹியரிங். அடிபட்டவர் பெயர் ஏழுமலை என்பது மட்டும்தான் நோட்டீசில் இருந்தது. அவர் கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார், தன்னை இடித்த டிரைவர் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று கேள்விப்பட்டுக் கொதித்துப் போயிருக்கிறார் என்று டேனியல் அண்ணன் வந்து சொன்னார். அப்படிப்பட்ட ஆளைத்தான் எங்கள் வக்கீல் வெற்றிலைபாக்கு வைத்து அழைத்திருக்கிறார். அம்மா ஜெபத்தில் ஒரு வரி கூடியது. “அந்த ஏழுமலைக்குக் கையி நல்லபடியா கூடணும்பா.” எனக்கு ஆச்சரியம். எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகிற கைக்கு அம்மா ஜெபிக்கிறாள்.

வியாழக்கிழமை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தாவில் கட்டுப் போட்ட ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

“இடிச்சுட்டுப் போறவனுக்கு வக்கீலு, அடிபட்டவனுக்கு வராந்தா.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அந்தக் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்ததால் உதடு மட்டும் அசைந்தது.

அப்பாவையும் வக்கீலையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நிதானமான மனுஷர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். ஏழுமலை வெளியேயே இருக்கட்டும், அப்பா பேசுவது அவர் காதில் விழக் கூடாது என்று வக்கீல் முதல் காரியமாகக் கேட்டுக்கொண்டார். அதிகாரி சம்மதித்தார். கதவைச் சாத்தினார்கள்.

“டிரைவரே, அன்னிக்கு நடந்தத உங்க பேச்சுலயே சொல்லுங்க. அலங்காரமெல்லாம் வேணாம்” என்றார் வக்கீல்.

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார். “விக்கிரவாண்டி வரதுக்குள்ளயே அவனுக்கு மூச்சு முட்டிப் போச்சுங்க. ஏரியாண்ட ஓரங்கட்டினேன். பானெட்டத் தூக்கி, ஆவி அடிக்குதேன்னு துண்ட தலையில போத்திக்கினு உள்ள குனிஞ்சுக்கினு இருந்தேன். பின்னால ஐஸ்காரரு ஒருத்தரு மணி அடிச்சு, ஐஸு வேணுமான்னு கேட்டாரு. ‘மொதல்ல அவனுக்குத் தண்ணி காட்டிக்கறேன், அப்பறந்தான் எனக்கு’ன்னேன். அவரு பூட்டாரு. வண்டி ஆற ரொம்ப நேரம் ஆச்சு. அப்பறம் கெளம்பி வரப்ப ரோட்டுல கூட்டமும் இல்ல, ஆளும் இல்லீங்க. ஒரு எடத்துல மட்டும் செவப்பும் மஞ்சளுமா ஈரம் கெடந்துச்சு. அவ்ளோதாங்க.”

வக்கீல் அந்த வார்த்தையின் இரண்டு அர்த்தத்தையும், டீ குடித்துவிட்டுப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் எடுத்துச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லாத்தான் இருக்குது வக்கீல் சார். ஆனா இது நீங்க சொல்ற அர்த்தம். அத நம்பறதுக்கு எனக்கு வேற எதனா வேணுமே.”

“அதுக்குத்தான் வெளிய ஒருத்தரு உக்காந்து கீறாருங்க. நான் கேக்கல. நீங்களே கேளுங்க.”

ஏழுமலை உள்ளே வந்தார். அப்பா பக்கம் பார்க்காமல் நின்றார். அதிகாரி கேட்டார்.

“இடிச்ச வண்டிய பாத்தீங்களா?”

“பின்னாலருந்து இடிச்சுட்டான் சார். பள்ளத்துல போயி உழுந்தேன். எழுந்திரிச்சுப் பாக்கறதுக்குள்ள போயிட்டான்.”

“அதுக்கு முன்னாடி வழியில வேற எந்த வண்டியாவது நின்னுதா?”

அப்பா துண்டை எடுத்து மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நின்னுது சார். ஏரிக்கரையில ஒரு லாரி நின்னுது. நமக்குக் குச்சி ஐஸு வியாபாரம். கேரியர்ல பெட்டி கட்டிக்கினு போவேன். அந்த வெயிலுக்கு டிரைவரு எப்படியும் ரெண்டு வாங்குவாருன்னு நானும் நின்னு மணி அடிச்சேன். ஆளு நிமுந்துகூட பாக்கல. தலையில துண்ட போட்டுக்கினு பானெட்டுக்குள்ள பூந்துக்கினு இருந்தாரு.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “வாங்கலயா?”

“வாங்கல சார். அவரு சொன்னது இன்னும் ஞாபகம் கீது. ‘மொதல்ல அவனுக்குத் தண்ணி காட்டிக்கறேன், அப்பறந்தான் எனக்கு’ன்னாரு. எவனுக்குடான்னு சுத்தியும் பாத்தேன், ஒருத்தனும் இல்ல. மாடும் இல்ல. வெயிலுக்கு ஆளு கழண்டுட்டாரு போலன்னு நெனச்சுக்கினு மிதிச்சேன். கொஞ்ச தூரந்தான் போயிருப்பேன், இடிச்சுட்டான். பெட்டி ஒடைஞ்சு அத்தன ஐஸும் ரோட்டுல.”

செவப்பும் மஞ்சளுமாகக் கிடந்த ஈரம் எனக்குக் கண் முன்னால் வந்தது. எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கும் நிறுத்திவிட்டார். ஏழுமலைக்கு ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பாதான் மெதுவாகப் பேசினார். “ஐஸுக்காரரே, கழண்ட ஆளு நாந்தான்.”

குரலைக் கேட்டதும் ஏழுமலை திரும்பினார். முதல் தடவையாக அப்பாவை நேருக்கு நேர் பார்த்தார்.

“இந்தக் கொரலுதான் சார்” என்றார். அவருக்குள் ஒவ்வொன்றாகச் சேர்வது முகத்தில் தெரிந்தது. “இவரு அங்க நின்னுக்கினு இருந்தாரே சார். என்னை இடிச்சது ஓடிக்கினு இருந்த வண்டியாச்சே. நின்ன வண்டி எப்படி சார் இடிக்கும்?”

எங்கள் வக்கீல் அந்த ஹியரிங்கில் அதற்குமேல் வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியம் இல்லை. லைசென்ஸை நிறுத்திவைக்க எந்த முகாந்திரமும் இல்லை என்று அதிகாரி எழுதினார். எழுதி முடித்ததும் அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“டிரைவர், இதுக்குக் கீழ நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். படிச்சுப் பாத்துட்டுப் போடுவீங்களா, இல்ல நான் டீ வாங்கித் தரணுமா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படித்து முடித்த பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏழுமலை அவள் எதிரில் வந்து தர்மசங்கடமாக நின்றார்.

“தப்பா பேசிட்டேன்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க.”

“உன் கையி எப்படிப்பா கீது? அதுக்குந்தான் கேட்டுக்கினு இருந்தேன்.”

ஏழுமலைக்கு அது புரியவில்லை. யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு நான் விளக்கினேன்.

அவரை இடித்த லாரி கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை. அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கேட்டதெல்லாம் கேட்டபடியே நடந்தது என்று கதை அளக்க நான் வரவில்லை. ஆனால் கை கூடிவிட்டது. டேனியல் அண்ணன் தன் பட்டறையிலேயே அவருக்குப் புதுப் பெட்டி செய்து கேரியரில் பொருத்திக் கொடுத்தார். அப்பா அடுத்த வாரமே வண்டி எடுத்தார். போகிற வழியில் டீக்கடையில் வேண்டுமென்றே நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுப் போனார். எங்கள் அப்பா அந்த மாதிரிச் சேட்டை செய்து நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்தார். அதையும் நீங்கள் பார்த்தீர்கள்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்டால், இப்போது சனிக்கிழமைதோறும் திண்டிவனம் போகிறேன். நயினார் வக்கீலிடம் நோட்டீசோடு வருகிற டிரைவர்களை உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, டைப் அடித்து, சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். சரி என்று தலையாட்டின பிறகுதான் கையெழுத்து. ‘ஓரங்கட்டினேன்’ என்றால் எதை, ‘போட்டுட்டேன்’ என்றால் எதை, ‘தூக்கிட்டேன்’ என்றால் எதை என்று துருவித் துருவிக் கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும். “காலேஜு படிச்சவனுக்குத் தமிழு தெரியாதாடா?” என்பார்கள். தெரியாது அண்ணே, சொல்லுங்க என்பேன். பொழுது சாய்வதற்குள் எழுந்துவிட வேண்டும், அதுதான் அங்கே ஒரே கண்டிஷன். சட்டம் படிக்கவும் மனுப் போட்டிருக்கிறேன். இந்த மனுவைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தாள் கண்ணை மூடி அடித்தேன்.

நம் சபையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டீஸ் வந்தால் பயந்து மூலையில் உட்காராதீர்கள். பண்ணாததைப் பண்ணினேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். டீ யார் வாங்கிக் கொடுத்தாலும் குடியுங்கள், ஆனால் கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜெபியுங்கள். எழுந்து போய் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். வழியில் டயர் பஞ்சரானால், என்னைப் போல வானத்தைப் பார்த்துக் கத்தாமல், எந்தத் தொழுவத்துக்குக் கூட்டிப்போகிறார் என்று பொறுத்துப் பாருங்கள்.

போன வாரம் அப்பாவோடு லாரியில் வந்தேன். அதே ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டினார். ஏழுமலை நிழலில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா டிரைவரே, இன்னிக்காவது ஐஸு வாங்குவியா?”

“மொதல்ல அவனுக்கு” என்றார் அப்பா, வாளியை எடுத்துக்கொண்டு. பிறகு எங்கள் மூன்று பேருக்கும் வாங்கினார்.

வெயிலில் கொதித்து, ஆவி அடித்து, இனி ஒரு அடி நகர முடியாது என்று ரோட்டோரம் நிற்கிறவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் நம்புகிற ஆண்டவர் யாருக்கும் தண்ணி காட்டிவிட்டுப் போகிறவர் இல்லை. நின்று, இறங்கி, தாகத்தோடு நிற்கிறவனுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் போவார்.